உள்ளே விட்ட துணி

என் வாய் நல்ல வாய் இல்லை. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும். அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், "மூச்சை விடுங்க சார், இல்லேன்னா பேன்ட்டைப் போட்டுக்கிட்டு மூச்சு விடாமத்தான் திரியணும்" என்று சொல்லிவிடுவேன். சிரித்துவிட்டு மறுபடியும் என்னிடமே வருவார்கள், கைவேலை சுத்தம் என்பதால். வீட்டுக்காரருக்குத்தான் வேறு வழியில்லை. அவர் பேன்ட் தைக்க வேறு யாரிடம் போவார்?

அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுவிட்டால், பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று கம்பிவடத்தையும் சக்கரத்தையும் பார்க்கிற வேலை. அந்த இருட்டுக் குழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷனுக்குச் சாப்பாடு மறந்துபோகும். வேறு எதற்கும் அவருக்குச் சாப்பாடு மறந்ததில்லை. கூரையில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு உண்டு. ஒருநாள் அதில் இடுப்பு மாட்டிக்கொண்டது. கீழே இருந்து இரண்டு பேர் காலைப் பிடித்துத் தள்ளித்தான் வெளியே எடுத்தார்கள்.

கம்பெனி டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். இடுப்பில் மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட் இந்த எடையைத் தாங்காது, அடுத்த பரிசோதனைக்குள் குறைக்காவிட்டால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கைகூடக் கழுவாமல் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னை உக்கார வச்சிட்டாங்கன்னா நான் செத்தேன்டி."

அவருக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று எனக்குத் தெரியும். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உக்காந்தா நாற்காலி செத்துச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நடக்கக் கிளம்பினார். நான் தைத்துக் கொடுத்து, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சாம்பல் நிற பேன்ட். மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. நான் சும்மா இருந்தேனா? "எங்க கிளம்பியாச்சு, ரோடு போடவா?" என்று வாசல் வரைக்கும் போய்க் கேட்டேன். கையைக் காட்டிவிட்டுப் போனார்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு மைதானம். சுற்றி ஓட ஒரு மண்பாதை. அதில்தான் ஊரே நடக்கும். ஒரு வாரம் போனார். முட்டி வலி, தொடை உரசிப் புண், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போனார். ஒருநாள் திரும்பி வந்தவர் செருப்பு அலமாரிப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார், கை எட்டவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஓடுற பசங்க ரெண்டு பேர், நான் கிட்ட வர்றப்பல்லாம் கால் தடுமாறி விழுற மாதிரி நடிக்கிறானுங்க. நில அதிர்வாம். எல்லாரும் சிரிக்கிறாங்க. நாளையில இருந்து நான் போகல."

"அதானே பார்த்தேன்" என்றேன் நான்.

சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவனுங்க கிடக்கிறானுங்க, நீங்க போங்க என்று சொல்ல வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. எனக்குத் திட்ட வரும், கேலி வரும். தட்டிக்கொடுக்க வராது. கை மட்டும்தான் எனக்குச் சொன்ன பேச்சு கேட்கும். அதனால் கையால் ஒரு வேலை செய்தேன்.

அவர் வேலைக்குப் போனதும் அந்தச் சாம்பல் பேன்ட்டை மெஷினில் போட்டேன். அளவெடுத்துத் தைக்கிற பேன்ட்டில் பின்பக்க நடுத் தையலில் கொஞ்சம் துணியை மடித்து உள்ளே விட்டிருப்போம். நாளைக்கு ஆள் பருத்தால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இடுப்புப் பட்டியையும் இரண்டு பாதியாகத் தைத்துப் பின்னால்தான் இணைப்போம். அந்தத் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த துணியில் ஒரு விரல்கடை வெளியே விட்டுத் திரும்ப அடித்தேன். பட்டியையும் அதேபோல. பிரித்த தடம் தெரியாமல் இஸ்திரி போட்டு, பழைய இடத்திலேயே மடித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்து, "போகலேன்னு சொன்னேன்ல" என்று முனகினார். "பேன்ட்டைத் துவைச்சு வச்சாச்சு, போட்டுக்கிட்டுக் கடைக்குப் போய் ரொட்டியாவது வாங்கிட்டு வாங்க" என்றேன். உள்ளே போனார். சத்தமே இல்லை. பிறகு இடுப்புப் பட்டிக்குள் கட்டைவிரலை விட்டு ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"ஏய்! இங்க பாரேன். லூசாயிருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"இந்தா, நீயே பாரு! விரல் போகுதுடி!"

அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் டேப்பைத் தேடுகிறவள் மாதிரி மேசைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ரொட்டி வாங்கப் போகவில்லை. நேராக மைதானத்துக்குப் போனார்.

வீட்டில் எடை மெஷின் கிடையாது. மருந்துக்கடை வாசலில் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவார். "பரிசோதனை அன்னிக்கு ஒரே தடவை ஏறிக்கிறேன், அதுவரைக்கும் அந்தச் சனியன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்பார். ஆக அவருக்கு எடை சொல்ல அந்த பேன்ட் ஒன்றுதான் இருந்தது, அதைத் தைக்கிறவள் நான். அவர் முகம் தொங்குகிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டேன். இன்னும் ஒரே தடவை, அப்புறம் தொடவே கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். முதல் தடவை இரக்கத்தில் செய்தேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்க்கிற ஆசைக்காகத்தான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆள் மாறிவிட்டார். விசில் அடித்துக்கொண்டு திரும்பி வருவார். அந்தப் பசங்களைப் பற்றிக் கேட்டால், "யாரு அவனுங்க?" என்பார். மைதானத்தில் அவரைப் போலவே புதிதாக நடக்க வந்து, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற பருமனான ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். "என்னைப் பாருங்க, என் பேன்ட்டைப் பாருங்க! என்னால முடிஞ்சா உங்களால முடியாதா?" என்று பட்டிக்குள் விரலை விட்டுக் காட்டுவாராம். பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிற அம்மா ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர். இவர் முன்னால் நடக்க, அவர்கள் பின்னால் வர, தினமும் ஊர்வலம்தான். முடித்துவிட்டு ஒருவருக்கொருவர் கை தட்டிக்கொள்வார்களாம்.

சிரிப்பு என்னவென்றால், அவர்கள் உடுப்பைப் பிடித்துச் சின்னதாக்கச் சொல்லி என்னிடமே வர ஆரம்பித்தார்கள். பேக்கரி அம்மாவின் வேலைக் கோட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். அவளுக்கு நிஜமாகவே குறைந்திருந்தது. ஊசி முனையில் அதைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. இவரை நம்பி நடந்தவளுக்குக் குறைந்திருக்கிறது, இவருக்கோ நான் பிரித்துவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோட்டை வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை. வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அண்ணன் இப்பல்லாம் சட்டையை உள்ள விட்டு இன் பண்றாரு."

"ஆமா, மாப்பிள்ளை ஆயிட்டாரு. அதுக்கென்ன?"

"பின்னாடி கோடு தெரியுதுக்கா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே மடிந்து கிடக்கிற துணியில் வெயிலும் சோப்பும் படாது, புதுநிறம் அப்படியே இருக்கும். வெளுத்த பேன்ட்டில் அதை வெளியே விட்டால் நடு முதுகுக்குக் கீழே கரும்பட்டையாக நிற்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. மேலே சட்டை தொங்குகிறதே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஒல்லியாகிவிட்டதாக நினைக்கிற மனுஷன் முதல் வேலையாகச் சட்டையை உள்ளே விடுவான் என்று எத்தனையோ பேருக்குத் தைத்த எனக்குத் தெரிய வேண்டாமா?

"எத்தனை நாளா தெரியும்?"

"நாங்க பின்னாடிதானேக்கா நடக்கிறோம். ஆரம்பத்துல மெல்லிசா இருந்துச்சு, இப்ப அகலமாயிட்டே வருது. யாரும் அவர்கிட்ட சொல்லல." கோட்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க சொல்லிடுங்கக்கா. வெளியாள் சொல்லித் தெரிஞ்சா நல்லாயிருக்காது."

சொல்லத்தான் நினைத்தேன். பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. அன்று சாயங்காலமே சொல்ல உட்கார்ந்தேன். அவரோ பேக்கரிப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் க்ரீம் கேக்.

"இது என்ன?"

"ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு குறைச்சிருக்கேன், ஒரு கேக்குக்குக் கூடவா உரிமை இல்லை? நாளைக்கு நடைக்கும் லீவு. உடம்புக்கு ஓய்வு குடுக்கணுமாம்."

என் பொய்யைத்தான் அவர் க்ரீமோடு தின்றுகொண்டிருந்தார். "லீவெல்லாம் வேணாம், ரெண்டு சுத்து கூட நடங்க" என்று கத்தினேன். "டெய்லரம்மா, நீயே அளவெடுத்தவதானே, உனக்கே தெரியாதா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளன்றைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். இதோ இந்த வாய், யாருக்கும் பயப்படாத வாய், ஒரு உண்மையைச் சொல்ல முடியாமல் வாரம் முழுக்க ஊமையாக இருந்தது.

பரிசோதனை நாளன்று அந்த பேன்ட்டைத்தான் போட்டார். "ராசியான பேன்ட்" என்றார். வேறு போடுங்கள் என்றேன், கெஞ்சினேன்கூட. கேட்கவில்லை. சட்டையை இழுத்து உள்ளே விட்டுக்கொண்டு தெருவில் நடந்து போனார். கரும்பட்டை அவர் கூடவே போயிற்று. கூப்பிட்டிருக்கலாம். தெருமுனை திரும்புகிற வரைக்கும் நேரம் இருந்தது.

மதியத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டார். மெஷினில் இருந்து காலை எடுத்தேன். அவர் உள்ளே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். அந்த பேன்ட்டை உள்வெளியாகப் புரட்டி என் மெஷின்மேல் விரித்தார். பழைய தையலின் ஊசித் துளைகள் ஒரு வரிசை. அடுத்தது ஒரு வரிசை. அதற்கடுத்தது. எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தன.

"எடை மெஷின் ரிப்பேர்னு சொன்னேன்டி நான்" என்றார். குரல் உயரவே இல்லை. "எடை பார்க்கிற பொண்ணுகிட்ட சண்டை போட்டேன். உங்க மெஷின் பொய் சொல்லுது, என் பேன்ட்டைப் பாருன்னு விரலை விட்டுக் காட்டினேன். எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க. என் பின்னாடி நின்ன பையன், எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவன், 'அண்ணே, பின்னாடி பிரிச்சுத் தச்சிருக்கே'ங்கிறான். பாவம், அவன் சிரிக்கக்கூட இல்லை."

"உங்க நல்லதுக்குத்தாங்க..."

"நீ கேலி பண்ணினப்பல்லாம் எனக்கு வலிச்சுச்சு. ஆனா உண்மையைத்தானே சொல்றாள்னு நடந்தேன். உன் வாய் பொய் சொல்லாதுன்னுதான் உன் கையையும் நம்பினேன்."

நான் அழுதேன். அழுது என்ன? எடை கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று ஒரு நப்பாசையில் கேட்டேன்.

"குறைஞ்சிருக்காம், ஆனா பத்தாதாம். டாக்டர் நல்ல ஆரம்பம்னு சொன்னாரு. சும்மா தேத்தறாருன்னு நினைச்சேன். இனிமே யார் சொன்னாலும் எனக்கு அப்படித்தான் தோணும்."

அதுதான் என்னைக் கொன்றுபோட்டது. மாங்கு மாங்கென்று நடந்து அந்த மனுஷன் நிஜமாகவே கொஞ்சம் குறைத்திருந்தார். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற இடத்தில் அவர் இல்லை. நான் அவரை அங்கே இருக்க விடவில்லை.

மறுநாளில் இருந்து அவருக்கு ஸ்டோர் ரூம். திரும்பவும் சோதித்துப் பார்த்து முடிவு சொல்வார்களாம். காலையில் நடக்கப் போகவில்லை. நான் போட்டதைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். கோபித்துக்கொண்டு நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சாம்பல் பேன்ட்டை என்ன செய்வதென்று தெரியாமல் மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். காலை ஆட்டும்போதெல்லாம் பாதத்தில் பட்டது.

ஊர்வலத்தைக் காணோமே என்று பேக்கரி அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர் அறையை விட்டு வரவில்லை. இவள் விடுவாளா? வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணே, எங்களுக்கெல்லாம் அது முன்னாடியே தெரியும்."

கதவு திறந்தது. "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க!" வீடே அதிர்ந்தது. "நான் விரலை விட்டுக் காட்டுறேன், நீங்க பின்னாடி நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க!"

அவள் பயப்படவில்லை. "துணியை அக்கா பிரிச்சாங்க, தப்புதான். அவங்க பண்ணினதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா நடந்த காலு உங்களுது தானேண்ணே? பாதையில எனக்கு மூச்சு முட்டி நின்னப்ப, எல்லாரையும் போகச் சொல்லிட்டு எங்கூட நின்னது யாரு? அதையுமா அக்கா தச்சுக் குடுத்தாங்க?"

அவள் போன பிறகும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் சொன்னதில் எனக்கு மன்னிப்பு எதுவும் இல்லை. இருக்கக் கூடாது என்றும் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு பையோடு வந்தார். உள்ளே ரெடிமேட் பேன்ட். கல்யாணம் ஆனதில் இருந்து என் கைபடாத துணி அவர் உடம்பில் ஏறியதில்லை. இந்த வீட்டு வாசற்படியை ரெடிமேட் தாண்டினால் நான் வெளியே என்று சண்டை பிடித்தவள் நான். "ஏங்க, அளவு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "சரியாத்தான் இருக்கும்" என்றார். மறுநாள் விடிகாலையில் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். சட்டையை உள்ளே விட்டுத்தான்.

அதற்குப் பிறகு நான் ஒரு சொல் சொன்னதில்லை, கேலியும் இல்லை, பாராட்டும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அவர் ஒரு தடவை என் முகத்தை உற்றுப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். கொடியில் காய்கிற அந்த ரெடிமேட் பேன்ட்டை எடுத்து மடிக்கிறபோதுகூட, விரல்நுனியால் தொட்டு எடுத்து வைத்தேன். மழை ஓய்ந்து வெயில் வந்தது. அவர் தினமும் போனார். வருகிற வழியில் மருந்துக்கடை வாசல் மெஷினில் ஏறிப் பார்க்கிறார் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் பேன்ட்டின் இடுப்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து அது இரண்டாயிற்று. தையல்காரி வீட்டில், மெஷினை அடுத்து நின்றுகொண்டு, மனுஷன் ஊக்குக் குத்திக்கொள்கிறார். நான் அந்த பேன்ட் நிற நூலை மெஷினில் கோத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

நேற்று பேக்கரி அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அக்கா, வாயைத் திறங்க!" என்று ஒரு துண்டு கேக்கை ஊட்டிவிட்டாள். "அண்ணன் பாஸாயிட்டாராம்! திங்கக்கிழமையில இருந்து மறுபடியும் லிஃப்ட்டு மேல! மைதானத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு. உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னாரே" என்றேன்.

சாயங்காலம் அவர் வந்தார். நான் எதுவும் தெரியாதவள் மாதிரி பித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் மாற்றிக்கொண்டு, அந்த ரெடிமேட் பேன்ட்டைக் கையில் எடுத்து வந்தார். ஊக்குகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதைப் புடிச்சுக் குடு. எனக்குச் சரியா வரல."

அளவெடுக்க எழுந்தேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், வயிற்றை எக்காமல். டேப்பைச் சுற்றினேன், வந்த அளவைச் சத்தமாகச் சொன்னேன். அவர் குனிந்து டேப்பில் தாமே பார்த்துக்கொண்டார். பிரித்தேன், அடித்தேன். பின்னால் நிறையத் துணி மிச்சம். பழக்கப்படி அதை மடித்து உள்ளே வைத்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.

"அதை வெட்டிடு" என்றார்.

"வெட்டிட்டா திரும்பப் பிரிக்க முடியாதுங்க. நாளைக்கு உடம்பு கொஞ்சம் ஏறினா?"

"ஏறினா இறுக்கட்டும். அது எனக்குத் தெரியணும்."

இத்தனை வருஷத்தில் உள்ளே துணி விடாமல் நான் யாருக்கும் தைத்ததில்லை. கத்தரியை எடுத்துத் தையலை ஒட்டி வெட்டினேன். துண்டு தரையில் விழுந்தது. அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கத்தரி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துக் கொடுத்ததும் விளக்கடியில் பிடித்து, உள்வெளியாகப் புரட்டி, தையல் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். பட்டியையும் புரட்டிப் பார்த்தார். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

"சரி" என்றார். போட்டுப் பார்க்க உள்ளே போனார்.